பழைய கம்ப்யூட்டரில் வேர்ட் நகர மாட்டேன் என்கிறதா? ராம் வாங்கும் முன் பிரிண்டரைப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டார் நடத்தும் ஜாப் டைப்பிங் கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இரண்டும் மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10, வேர்ட் 2016. ஒன்றில் வேர்ட் ஓரளவு ஓடும். இன்னொன்றில் ஐகானைத் தட்டிவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வரலாம். சர்வீஸ்காரரைக் கேட்டால் "பழசாயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றார். ஒரே வயசு மெஷின் இரண்டில் ஒன்று மட்டும் எப்படிப் பழசாகும்? அந்த எரிச்சலில் துருவியதுதான் இந்தப் பதிவு.

எப்போது இழுக்கிறது என்று பாருங்கள்

"வேர்ட் ஸ்லோ" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. திறக்கும்போதா, டைப் அடிக்கும்போதா, சேவ் செய்யும்போதா? மூன்றுக்கும் காரணம் வேறு.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு வேர்டை ஓட்டுங்கள். வேர்ட் உறைந்து நிற்கும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் ஹார்டு டிஸ்க்தான் திணறுகிறது. மெமரி நிரம்பி வழிந்தால் ராம் போதவில்லை. ஆனால் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுமே சும்மா இருக்க, வேர்ட் மட்டும் நிற்கிறதா? அப்படியானால் அது வேலை செய்து களைக்கவில்லை, எதற்கோ காத்திருக்கிறது. இந்த நிலையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ராம் வாங்கிப் போட்டால் காசுதான் நஷ்டம்.

ஆட்-இன்

கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேர்ட் ஐகானைச் சொடுக்குங்கள். சேஃப் மோடில், அதாவது ஆட்-இன் எனப்படும் துணை புரோகிராம்கள் இல்லாமல், திறக்கட்டுமா என்று கேட்கும், எஸ் கொடுங்கள். இப்போது சட்டென்று திறந்தால் குற்றவாளி ஏதோ ஒரு ஆட்-இன். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே மேனேஜ் என்ற இடத்தில் காம் ஆட்-இன்ஸைத் தேர்ந்தெடுத்து கோ அழுத்துங்கள். வரும் பட்டியலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். ப்ளூடூத்துக்கு அனுப்பும் ஆட்-இன், பிடிஎஃப் ஆக்கும் ஆட்-இன் இரண்டும் பல மெஷின்களில் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும்.

சேஃப் மோடிலும் அதே இழுவை என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

பிரிண்டர் (என்னை அதிகம் அலையவிட்டது இதுதான்)

பிரிண்டருக்கும் வேர்ட் திறப்பதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். இருக்கிறது. பக்கத்தில் எத்தனை வரி அடங்கும், ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் வேர்ட் டிஃபால்ட் பிரிண்டரின் (நாம் வேறொன்றைச் சொல்லாதவரை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் பிரிண்டர்) டிரைவரிடம், அதாவது அந்தப் பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேரிடம், கேட்டுத்தான் பக்கத்தை அமைக்கிறது. அந்தப் பிரிண்டர் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, நெட்வொர்க்கில் பகிரப்பட்டதாக இருந்து, அந்தக் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தால்? வேர்ட் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்துக்கிடக்கும்.

எங்கள் கடையில் நடந்தது அதேதான். பிரிண்டர் முதல் கம்ப்யூட்டரில் யுஎஸ்பியில் இருக்கிறது. இரண்டாவது கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்கிறது. கரன்ட் பில்லுக்குப் பயந்து மதியத்துக்கு மேல் முதல் மெஷினை அணைத்துவிடுவோம். இரண்டாவதில் வேர்ட் படுத்துவிடும்.

சரிசெய்ய, விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போங்கள். "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்" என்று ஒரு டிக் இருக்கும். அதை முதலில் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால், நீங்கள் கடைசியாகப் பிரிண்ட் கொடுத்த பிரிண்டரையே விண்டோஸ் மறுபடி டிஃபால்ட் ஆக்கிவிடும். காலையில் சரிசெய்தது சாயங்காலம் கெட்டுப்போய், கம்ப்யூட்டருக்கே பேய் பிடித்துவிட்டதோ என்று தோன்றும். அப்புறம் "மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்" என்பதைச் சொடுக்கி, மேனேஜ், செட் ஆஸ் டிஃபால்ட் கொடுங்கள். இது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் போலிப் பிரிண்டர், உடனே பதில் சொல்லிவிடும். விண்டோஸ் 7-இல் இது கிடையாது. அங்கே எக்ஸ்பிஎஸ் டாக்குமென்ட் ரைட்டரை டிஃபால்ட் ஆக்கினால் போதும்.

இனி பிரிண்ட் எடுக்கும்போது கன்ட்ரோல் பி அழுத்தி, நிஜப் பிரிண்டரை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கூடுதல் சொடுக்கு, அவ்வளவுதான்.

*பின்சேர்க்கை:* பத்திரம் அடிக்கும் ஒருவர் கமென்டில் ஒரு சிக்கலைச் சொன்னார். டிஃபால்ட் பிரிண்டரை மாற்றிய பிறகு அவருடைய பழைய ஃபைலில் பக்கம் உடையும் இடம் நகர்ந்துவிட்டதாம். நகரத்தான் செய்யும், பக்க அமைப்பு பிரிண்டரைப் பொறுத்தது என்று மேலே சொன்னேனே. முத்திரைத்தாளில் இது விளையாட்டில்லை. கையெழுத்துப் போட வேண்டிய வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டால் தாளும் போச்சு, காசும் போச்சு. ஆகவே நிஜப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்த பிறகு ப்ரிவியூவில் கடைசிப் பக்கம் வரை பாருங்கள். முதலில் வெள்ளைத்தாளில் ஒன்று எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

தமிழ் டைப் அடிக்கும்போது இழுத்தால்

டிடிபி, ஜாப் டைப்பிங் மெஷின்களுக்கே உரிய நோய் இது. பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டுகளில் திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. வேர்டின் கண்ணுக்கு அது தப்பும் தவறுமான இங்கிலீஷ். வரிக்கு வரி சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் மறுபடி சரிபார்த்துக்கொண்டே இருக்கும். நீளமான ஃபைலில், பிழைகள் அதிகம், இதற்குமேல் காட்ட முடியாது என்று ஒரு செய்தி வரும் அளவுக்குப் போகும்.

ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் போய், டைப் செய்யும்போதே ஸ்பெல்லிங் பார்ப்பது, கிராமர் பார்ப்பது இரண்டின் டிக்கையும் எடுங்கள். அதே பக்கத்தில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் திறந்து, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அது இருந்தால் பாமினியில் தமிழ் எழுத்தே வேறொன்றாக மாறிவிடும்.

என்னைக் கேட்டால், உள்ளேயும் தமிழாகவே பதிவாகும் யூனிகோடுக்கு மாறிவிடுங்கள் என்பேன். எ-கலப்பையோ என்எச்எம் ரைட்டரோ, ஏதாவது ஒரு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் போட்டு, தமிழ் 99 விசைப்பலகை முறை பழகினால் கை தானாக ஓடும். ஆனால் பாமினியில் அடித்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வந்துகொண்டேதான் இருப்பார், முழுதாக விட முடியாது என்பதும் தெரியும்.

அடுத்தது ஃபான்ட் குவியல். யாரோ ஒரு சிடியில் கொடுத்த தமிழ் ஃபான்ட்டுகளை மொத்தமாக உள்ளே கொட்டியிருப்பார்கள். அவை எல்லாவற்றையும் வேர்ட் பட்டியலிட வேண்டும். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே டி டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, வெளியிலிருந்து போட்டவற்றில் அன்றாடம் தேவைப்படாததை நீக்குங்கள். நிர்மலா, லதா மாதிரி விண்டோஸுடன் வந்தவற்றைத் தொடாதீர்கள். எது எதிலிருந்து வந்தது என்று சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நீக்கிய ஃபான்ட் ஒருநாள் தேவைப்பட்டால் நகலிலிருந்து இரட்டைச் சொடுக்கு, இன்ஸ்டால், முடிந்தது.

சேவ் செய்யும்போது இழுத்தால்

வாடிக்கையாளரின் பென்டிரைவிலிருந்தே ஃபைலைத் திறந்து வேலை செய்கிறீர்களா? நிறுத்துங்கள். வேர்ட் தன் தற்காலிக ஃபைல்களையும் அங்கேயே எழுதப் பார்க்கும், பழைய பென்டிரைவ் தாங்காது. டெஸ்க்டாப்பில் காப்பி போட்டு வேலையை முடித்துவிட்டு, திரும்ப ஏற்றிக் கொடுங்கள்.

போனில் எடுத்த ஆதார் படம், ரேஷன் கார்டு படம் எல்லாவற்றையும் அப்படியே ஒட்டிய ஃபைலும் இழுக்கும். படத்தைச் சொடுக்கி, பிக்சர் ஃபார்மட், கம்ப்ரெஸ் பிக்சர்ஸ், 150 பிபிஐ. ஜெராக்ஸ் தரத்துக்கு அது தாராளம்.

எல்லாம் செய்தும் போதாதா?

இப்போது செலவு செய்யலாம். முதல் செலவு எஸ்எஸ்டிதான் (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்), ராம் அல்ல. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி பழைய மதர்போர்டிலும் பொருந்தும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்ற மெஷினுக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. ராம் ஏற்றுவதானால் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாத ஒரு வேலை. மெஷினை அணைத்து, பக்கத்து மூடியைக் கழற்றி, புரொசசர் ஃபேனைப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் எங்கள் பக்கத்து மெஷின்களில், புரொசசரின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் கம்பளி போர்த்தியது போல இருக்கும். சூடு ஏறினால் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் மெஷின் படுத்துகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள்.

லிப்ரெ ஆபிஸ் பற்றி

ஆபிஸ் 2016-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் அதே நாள்தான். பழைய மெஷினில் இலவசமாக, தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ஒன்று வேண்டுமென்றால் லிப்ரெ ஆபிஸ் ரைட்டர் நல்ல தேர்வு. வீட்டில் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். கடையில் மட்டும் வேர்ட், ஏனென்றால் அட்டவணை நிறைந்த வேர்ட் ஃபைல்கள் ரைட்டரில் திறக்கும்போது சில நேரம் கலைந்துவிடுகின்றன.

ரைட்டர் இழுத்தால் செய்ய வேண்டியது, டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் ஜாவாவைப் பயன்படுத்தும் டிக்கை எடுப்பது. கடிதம், மனு அடிக்க ஜாவா தேவையே இல்லை.

*இன்னொரு பின்சேர்க்கை:* ரைட்டரில் ஸ்க்ரோல் செய்தால் எழுத்து சிதறித் தெரிகிறது, திரை தாமதமாக வருகிறது என்று ராயபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பழைய கிராஃபிக்ஸ் சிப்புகளில் இப்படி வரும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூ பக்கத்தில் ஸ்கியா ரெண்டரிங் (திரையில் எழுத்தையும் படத்தையும் வரையும் முறை) டிக்கை எடுத்துவிட்டு லிப்ரெ ஆபிஸை மூடித் திறங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், அதைத் திரும்பப் போட்டு, பக்கத்திலேயே இருக்கும் சாஃப்ட்வேர் ரெண்டரிங்கைக் கட்டாயமாக்கும் டிக்கைப் போட்டுப் பாருங்கள். அவருக்கு இரண்டாவதுதான் வேலை செய்தது.