கிளஸ்டருக்கு ஒரு வாசல்: இன்கிரெஸ் அமைப்பது எப்படி?

பல கணினிகளை ஒரு கிளஸ்டராக (தொகுதியாக) இணைத்து ஆப்புகளை ஓட்டும் குபெர்னெடிஸைப் பழகுகிற எல்லோரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் இடம் இது. பாட் (ஆப்பின் கன்டெய்னர் ஓடும் மிகச்சிறிய அலகு) ஓடுகிறது, லாகில் பிழை எதுவும் இல்லை, ஆனால் பிரவுசரில் ஒன்றும் வரவில்லை. வராததில் வியப்பில்லை. பாடுகளுக்கு நிலையான முகவரி தரும் சர்வீஸை எழுதும்போது வகையைக் குறிப்பிடாமல் விட்டால் அது கிளஸ்டர்ஐபி ஆகிவிடும். அந்த முகவரி கிளஸ்டருக்குள் மட்டுமே செல்லும்.

வகையை நோட்போர்ட் என்று போட்டு, நோடுகளில் (கிளஸ்டரின் கணினிகளில்) வழி திறக்கலாம். ஆனால் கிடைப்பது 30000 முதல் 32767 வரைக்குள் ஒரு போர்ட். அந்த எண்ணை ஒட்டிய முகவரியை யாருக்குக் கொடுப்பது? லோட்பேலன்சர் வகை என்றால் கிளவுடில் பெரும்பாலும் ஒவ்வொரு சர்வீசுக்கும் தனி பேலன்சர், தனி பில். இன்கிரெஸ் இருந்தால் வாசல் ஒன்று போதும். டொமைனையும் பாதையையும் பார்த்து, உள்ளே எந்த சர்வீசுக்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்பும்.

படி 1: கன்ட்ரோலர் இருக்கிறதா?

இன்கிரெஸ் என்பது வெறும் விதிச்சீட்டு. அதைப் படித்து வேலை செய்வது கன்ட்ரோலர். கன்ட்ரோலர் இல்லாத கிளஸ்டரில் இன்கிரெஸை உருவாக்கினால் 'கிரியேட்டட்' என்றுதான் பதில் வரும். பிழைச்செய்தி வராது, வேலையும் நடக்காது. புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பழகுவதற்கு கே3எஸ் (குபெர்னெடிஸின் சிறிய, எளிய வடிவம்) நல்லது; டிரேஃபிக் என்ற கன்ட்ரோலர் அதிலேயே சேர்ந்து வருகிறது. பழைய பதிவுகள் பலவும் இன்கிரெஸ்-எஞ்சின்எக்ஸ் என்ற கன்ட்ரோலரைப் போடச் சொல்லும். அந்தத் திட்டத்துக்கு 2026 மார்ச் வரைதான் பராமரிப்பு என்று 2025 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

படி 2: சர்வீஸ் பாடைப் பிடித்திருக்கிறதா?

'வெப்', 'ஏபிஐ' என்று இரண்டு ஆப்புகள், இரண்டும் 8080 போர்ட்டில் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்வீஸ்: 'போர்ட்' 80, 'டார்கெட்போர்ட்' 8080. முதலாவது சர்வீசின் எண், இரண்டாவது கன்டெய்னரின் எண். இந்த இரண்டையும் மாற்றிப் போடாதவர் அபூர்வம்.

இன்கிரெஸ் பக்கம் போகுமுன் 'கியூப்சிடிஎல் டிஸ்கிரைப் சர்வீஸ் வெப்' அடித்து 'எண்ட்பாயிண்ட்ஸ்' வரியைப் பாருங்கள். 10.42.0.9:8080 என்பதுபோல் ஏதாவது இருக்கவேண்டும். காலியாக இருந்தால் சர்வீஸ் தேடும் பெயர்க்குறியும் (செலக்டர்) பாடில் ஒட்டிய பெயர்க்குறியும் (லேபிள்) ஒத்துப்போகவில்லை. ஒருமுறை நான் லேபிளில் 'வெப்' என்றும் செலக்டரில் 'வெப்சைட்' என்றும் எழுதிவிட்டு, அரைநாள் இன்கிரெஸ் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

படி 3: விதிகளை எழுதுங்கள்

இன்கிரெஸ் கோப்பில் 'ஏபிஐவெர்ஷன்' இடத்தில் நெட்வொர்க்கிங்.கே8எஸ்.ஐஓ/வி1 என்று இருக்கவேண்டும். 'பீட்டா' என்று முடியும் மாதிரியை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டினால் 1.22 பதிப்பிலிருந்து ஏற்காது. 'இன்கிரெஸ்கிளாஸ்நேம்' இடத்தில் டிரேஃபிக். 'ஹோஸ்ட்' இடத்தில் உங்கள் டொமைன், இங்கே மாதிரி.டெஸ்ட். அதன்கீழ் இரண்டு பாதைகள்: '/ஏபிஐ' வந்தால் ஏபிஐ சர்வீஸ், '/' வந்தால் வெப் சர்வீஸ். போர்ட் 80 என்றே எழுதுங்கள், 8080 அல்ல. இன்கிரெஸ் பேசுவது சர்வீசின் எண்ணில்.

'பாத்டைப்' கட்டாயம். 'ப்ரிஃபிக்ஸ்' என்று கொடுத்தால், குபெர்னெடிஸ் வரையறைப்படி, சாய்கோடுகளுக்கு இடைப்பட்ட சொல்லை முழுதாக ஒப்பிடவேண்டும். '/ஏபிஐ/பயனர்' பொருந்தும், '/ஏபிஐக்கள்' பொருந்தக்கூடாது. (டிரேஃபிக்கின் இயல்பு அமைப்பு இதைக் கண்டிப்பாகப் பின்பற்றாது.) இரண்டு விதிகள் பொருந்தினால் நீளமான பாதைக்கே முன்னுரிமை.

இன்னொன்று: '/ஏபிஐ' என்ற முன்பகுதியை இன்கிரெஸ் தானாக வெட்டாது. ஆப்புக்கு முழுப்பாதையும் அப்படியே போகும். ஆப் '/பயனர்' என்பதை மட்டும் எதிர்பார்த்தால் ஆப்பே 404 கொடுக்கும். வெட்டுவதற்கு டிரேஃபிக்கில் மிடில்வேர் (இடையில் கோரிக்கையை மாற்றும் பகுதி) உண்டு. ஆப் பக்கம் கை வைக்க முடியுமானால் அங்கேயே பாதையைச் சேர்ப்பதுதான் என் வழக்கம்.

படி 4: சோதியுங்கள்

டொமைனை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். கர்ல் கட்டளையில் நோடின் ஐபியைக் கொடுத்து, '-எச்' மூலம் 'ஹோஸ்ட்: மாதிரி.டெஸ்ட்' என்ற ஹெடரையும் சேருங்கள். ஹெடர் இல்லாமல் வெறும் ஐபியைத் தட்டினால் '404 பேஜ் நாட் ஃபவுண்ட்' என்று வரும். அது நல்ல செய்திதான்: கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, அந்தப் பெயருக்குத்தான் விதி இல்லை.

ஹெடரோடும் சரியாக வரவில்லையா? எண்ணைப் பாருங்கள். 404 என்றால் ஹோஸ்ட் அல்லது பாதை பொருந்தவில்லை. 503 என்றால் சர்வீசுக்குப் பின்னால் பாட் இல்லை. படி 2-க்குத் திரும்புங்கள். (சில அமைப்புகளில் இதற்கும் 404 வரும்.) 502 என்றால் பாட் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. டார்கெட்போர்ட் சரியாக இருந்தும் 502 என்றால், ஆப் 127.0.0.1-இல் (தனக்குள்) மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள், 0.0.0.0-இல் கேட்கவேண்டும்.

படி 5: ஹெச்டிடிபிஎஸ்

சான்றிதழையும் சாவியையும் டிஎல்எஸ் வகை சீக்ரெட்டில் (ரகசியங்களை வைக்கும் குபெர்னெடிஸ் பொருளில்) போட்டு, அதன் பெயரை இன்கிரெஸின் 'டிஎல்எஸ்' பகுதியில் குறிப்பிடுங்கள். 90 நாளில் காலாவதியாகும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் என்றால் புதுப்பிப்பை, அதைத் தானாகச் செய்யும் செர்ட்-மேனேஜரிடம் விட்டுவிடலாம். சீக்ரெட், இன்கிரெஸ் இருக்கும் அதே நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் பிரித்த பகுதியில்) இருக்கவேண்டும். பிரவுசரில் பூட்டைத் தட்டிப் பார்க்கும்போது சான்றிதழின் பெயர் 'டிரேஃபிக் டிஃபால்ட் செர்ட்' என்று இருந்தால், உங்கள் சீக்ரெட் டிரேஃபிக்கின் கண்ணில் படவே இல்லை.