நவம்பர் நீரிழிவு விழிப்புணர்வு மாதம்: இருபது பேரைக் கிளினிக் வரை கொண்டு சேர்ப்பது எப்படி?

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த், பாகான் டாலாம் வட்டாரத்தில் உள்ள எங்கள் ஆலயத்தில் முதன்முறையாக நீரிழிவு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தியபோது, நூறு பேருக்கு மேல் விரலில் ஊசி குத்திச் சீனி அளவைப் பார்த்தோம், படம் எடுத்துக்கொண்டோம், பதாகையைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுவாரம் ஆலயத் தலைவர், "அளவு கூடுதலாக இருந்தவர்களில் எத்தனை பேர் கிளினிக்குக்குப் போனார்கள்?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அவர் மறுபடி கேட்டால் விடை சொல்லும்படியான ஒரு நிகழ்ச்சியை, முன் அனுபவம் இல்லாத நாலைந்து பேர் சேர்ந்து எப்படி நடத்தலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரெடெரிக் பாண்டிங் 1891இல் பிறந்தது அந்த நாளில்தான். 1991 முதல் இந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் இதை ஏற்றுக்கொண்டது. மேடையில் பேசுவதற்கு இவ்வளவு போதும். நமக்கு வேண்டிய எண்கள் வேறு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதைவிட என்னை உறுத்துவது, நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது என்பதுதான். "பார்த்தாதானே இருக்குன்னு சொல்வாங்க, பார்க்காம இருந்தா ஒன்னும் இல்லே" என்று எங்கள் வரிசையில் நின்ற ஓர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். இந்தச் செய்முறை முழுவதும் அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

முதல் படி: இருபது பேர் போதும்

உங்கள் இலக்கு இருபது பேராக இருக்கட்டும். நாற்பது வயதைக் கடந்தவர்கள், கடந்த ஓராண்டில் இரத்தப் பரிசோதனை செய்யாதவர்கள், பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்கேனும் இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு உள்ளவர்கள் என்று மூன்று அடையாளங்களை வைத்துக்கொண்டு, உங்களுக்கு முகம் தெரிந்தவர்களிலிருந்தே ஆள் தேடுங்கள். முகம் தெரிந்திருப்பது முக்கியம், ஏனென்றால் மூன்று வாரம் கழித்து அவரிடமே போய், "ஐயா, கிளினிக்குக்குப் போனீர்களா?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். கூட்டத்தில் வந்துபோகும் நூறு பேரிடம் அந்த உரிமை நமக்குக் கிடையாது.

இரண்டாம் படி: தீபாவளியையும் சஷ்டியையும் பார்த்து நாள் குறியுங்கள்

நவம்பர் 14 அன்றே நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்துவிடும். அதற்கு முந்திய இரண்டு வாரங்களில் வீடுகளில் பலகார வேலை நடக்கும், லிட்டல் இந்தியாவில் துணி வாங்கக் கூட்டம் நெரியும், உங்கள் அழைப்பை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். தீபாவளி கழிந்த இரண்டாவது வாரத்து வெள்ளிக்கிழமை மாலையே எங்களுக்கு ஒத்துவந்தது. பலகாரம் தீர்ந்து, உடம்பும் கொஞ்சம் கனத்து, மக்கள் தாங்களாகவே சீனியைப் பற்றிப் பேசத் தொடங்கும் நேரம் அது.

தீபாவளியை அடுத்து உடனே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் ஆறு நாள் விரதம் இருப்பதாகச் சொன்னால், விரதத்தைக் கைவிடச் சொல்லி வாதாட வேண்டாம். தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரத்தச் சீனி லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். இந்த நிலையில் விரதத்தை முடித்துக்கொள்வதை முருகன் குற்றமாகக் கொள்ளமாட்டான் என்று எங்கள் குருக்களே சொல்லிவிட்டார். அந்தச் சொல் எங்கள் துண்டறிக்கையை விட நன்றாக வேலை செய்தது.

மூன்றாம் படி: கடிதம், அனுமதி, மறுப்பு

ஆறு வாரம் இருக்கும்போதே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஆலயத்தின் கடிதத்தாளில் மலாய் மொழியில் ஒரு கடிதம் எழுதி, நாள், இடம், எதிர்பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தாதியரை அனுப்ப இயலுமா என்று கேளுங்கள். விரலில் ஊசி குத்தும் வேலையைத் தொண்டர்கள் செய்யக்கூடாது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி மற்றவருக்குப் போகக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பயன்படுத்திய ஊசிகளைப் போட மஞ்சள் நிறக் கடினப் பெட்டி வேண்டும், அது முறையாக அழிக்கப்படவும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தாதியர் கிடைக்காவிட்டால் ஊசியே இல்லாமல் நடத்துங்கள். அடுத்த படியைப் படித்தால் அது குறையில்லை என்பது புரியும்.

உண்டியல் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நிதி திரட்ட யாராவது யோசனை சொன்னால் தடுத்துவிடுங்கள். வீடு வீடாகவும் தெருவிலும் நன்கொடை திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். இந்த நிகழ்ச்சிக்கு அவ்வளவு பணமும் தேவையில்லை. எங்களுக்கு ஆன செலவு நகலெடுப்பு, சீனி, தண்ணீர்ப் போத்தல், நான்கு பேரின் பெட்ரோல், அவ்வளவுதான்.

செய்தி பரவியதும் முதலில் தொலைபேசியில் அழைப்பவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு சத்துப்பொடி விற்பவராகத்தான் இருப்பார். மண்டபத்தில் ஒரு மேசை கொடுத்தால் பதாகைச் செலவை ஏற்பதாகச் சொல்வார். நீரிழிவைக் குணமாக்கும் என்று எந்தப் பொருளையும் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. அதைச் சொல்லி மரியாதையாக மறுத்துவிடுங்கள். பாகற்காய்ப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நம் உறவிலேயே பார்த்திருக்கிறோம், ஆகவே இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நான்காம் படி: பெக்கா பி40

நிகழ்ச்சியின் முதுகெலும்பு இதுதான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019இல் அரசாங்கம் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்கத்தின் ரஹ்மா ரொக்க உதவி பெறுபவர்களும் அவர்களின் துணைவர்களும் 40 வயதோ அதற்கு மேலோ இருந்தால் இலவச உடல்நலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். திட்டத்தில் பதிந்துள்ள தனியார் கிளினிக்குகளிலும் இதைச் செய்கிறார்கள். பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய உதவி, ஏனெனில் அரசாங்கக் கிளினிக் நேரத்துக்கு அவர்களால் விடுப்பு எடுக்க முடிவதில்லை. விரலில் எடுக்கும் ஒரு சொட்டைப் போலன்றி, இங்கே கையின் இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்துச் சீனி, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடையக் காரணம் நீரிழிவு என்பதால், சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்ப்பது வீண் வேலை அன்று.

தகுதி உள்ளதா என்பதைப் பெக்கா பி40 இணையத்தளத்தில் மைகார்டு (அடையாள அட்டை) எண்ணைக் கொடுத்துப் பார்த்துவிடலாம். அவரவர் கைபேசியிலேயே அவரவர் பார்க்கட்டும். கைபேசி பழக்கமில்லாத முதியவருக்கு மட்டும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து உதவுங்கள். இருபது பேரின் மைகார்டு எண்களையும் ஒரே பட்டியலாக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். தகுதி இல்லாத குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் இருக்கிறது, கட்டணம் 1 ரிங்கிட்.

ஐந்தாம் படி: மேசையில் என்ன வைப்பது

தடித்த எழுத்தில் அச்சிட்ட பதாகைகளை யாரும் நின்று படிப்பதில்லை. எங்கள் மேசையில் ஒரு டப்பா சீனி, ஒரு தேக்கரண்டி, ஐந்து வெற்றுக் கண்ணாடிக் குவளைகள், நம் வீடுகளில் வாங்கும் பெட்டிப் பானங்கள் ஐந்து, இவை மட்டுமே இருந்தன. வருபவரிடம் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, இதில் எத்தனை கரண்டிச் சீனி இருக்கும் என்று கேட்டு, அவர் நினைக்கும் அளவைக் குவளையில் அவரையே போடச் சொல்லுங்கள். பிறகு பெட்டியின் பின்பக்கத்தில் 'குலா' (மலாயில் சீனி) என்ற சொல்லுக்கு எதிரே உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் என்று போட்டிருந்தால், 250 மில்லிலிட்டர்ப் பெட்டியில் 25 கிராம். ஒரு கரண்டி 4 கிராம் என்று கொண்டால் ஆறு கரண்டிக்குச் சற்று மேல். இரண்டு கரண்டி போட்டுவிட்டு நிமிர்ந்தவர், மீதி நான்கைத் தம் கையாலேயே போடும்போது பேச்சு நின்றுவிடும். அந்த அமைதியில் நீங்கள் உபதேசம் செய்யாமல் இருந்தால் போதும். ஆறு கரண்டி, அதாவது 25 கிராம் என்பது ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து உலகச் சுகாதார நிறுவனம் விரும்பும் அளவு என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

கடையில் டின்பால் ஊற்றி ஆற்றித் தரும் தே தாரேக்குக்குப் பெட்டியும் இல்லை, எண்ணும் இல்லை. ஆனால் இனிப்பு டின்பாலில் ஏறக்குறையப் பாதி சீனிதான் என்பதால், ஊற்றும் பாலைக் கண்ணால் பார்த்தே கணக்குப் போட்டுவிடலாம். 'கூராங் மானிஸ்', அதாவது இனிப்புக் குறைவாக, என்பது கலக்குபவரின் கையைப் பொறுத்தது. பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கொசோங்' என்று சொன்னால்தான் குழப்பம் இருக்காது. முறுக்கு இனிப்பில்லையே என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். மாவும் வயிற்றுக்குள் போனால் சீனியாகத்தான் மாறும் என்று சொல்லுங்கள்.

எங்கள் முதல் நிகழ்ச்சியில் நேர்ந்த தவறையும் சொல்லிவிடுகிறேன். அன்னதானத்துக்கு அடுத்த மேசையில் ஊசி குத்தும் மேசையைப் போட்டிருந்தோம். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கையோடு வந்தவர்களின் அளவு ஏறியிருந்தது, அதில் எது நோய், எது பொங்கல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பரிசோதனையை அன்னதானத்துக்கு முன் வையுங்கள். அப்போதும் அது ஓர் அறிகுறி மட்டுமே, நோய் முடிவு அன்று என்பதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

ஆறாம் படி: எண்களை மொழிபெயர்த்துக் கொடுங்கள்

ஒரு பெரியவர் தம் சீனி அளவு அட்டையில் 9 என்று எழுதியிருந்ததைப் பார்த்து நிம்மதியாகப் புறப்பட்டார். விசாரித்தபோது, வெறும் வயிற்றில் 126க்கு மேல் போனால்தான் நீரிழிவு என்று தமிழ்நாட்டுக் காணொளி ஒன்றில் கேட்டதாகச் சொன்னார். அவர் கேட்டதும் சரி, அட்டையில் இருந்ததும் சரி. அங்கே டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறார்கள், இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று எழுதுகிறார்கள். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். அவருடைய 9 என்பது 162. தமிழில் உடல்நலச் செய்தி படிக்கும் எல்லா மலேசியருக்கும் இந்தக் குழப்பம் நேரலாம் என்பதால், ஒரு சிறிய அட்டையில் இதை அச்சிட்டுக் கொடுங்கள்: எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தபின் 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு, 6.1 முதல் 6.9 வரை எல்லைக்கோடு. உணவு நேரம் பாராமல் எடுத்தது 11.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாமதிக்காமல் கிளினிக். உடம்பில் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு வேறொரு நாளில் மறுபடி பார்த்துத்தான் மருத்துவர் உறுதி செய்வார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் எல்லை 6.3 விழுக்காடு, பல நாடுகளில் 6.5. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை.

ஏழாம் படி: இரண்டாவது வருகை

பெக்கா பி40 பரிசோதனைக்கு இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை இரத்தம் கொடுப்பதற்கு. இரண்டாம் முறை முடிவை மருத்துவரிடமிருந்து கேட்டுக்கொள்வதற்கு. முதல் முறைக்கு ஆளைக் கிளப்புவது எளிது. இரண்டாம் முறைதான் நழுவும்: வேலை வரும், பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டியிருக்கும், பயமும் கூடவே இருக்கும். ஆகவே உங்களில் ஒவ்வொருவரும் ஐந்து பேரைப் பொறுப்பெடுத்துக்கொண்டு, காரில் இடமிருந்தால் கூட்டிச் செல்லுங்கள், இல்லையென்றால் முந்திய நாள் இரவு ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். முடிவு என்ன வந்தது என்று கேட்காதீர்கள், அது அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது. போனாரா என்று மட்டும் கேளுங்கள்.

இதற்கு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கத்தில் பெயர், அதன் எதிரே மூன்று கட்டங்கள்: மேசைக்கு வந்தார், இரத்தம் கொடுத்தார், முடிவு கேட்டார். முதல் கட்டத்தில் இருபது குறிகளும் நிறைந்துவிடும். மூன்றாவதில் நாங்கள் சென்ற முறை எட்டுக் குறிகளே போட்டோம். டிசம்பர் முதல் வாரத்தில் நோட்டைத் தலைவரிடம் காட்டியபோது அவர் மீதிப் பன்னிரண்டு பெயர்களையும் ஒருமுறை படித்துப் பார்த்து, அதில் மூன்று பேரைத் தாமே வெள்ளிக்கிழமை பூஜையில் பார்த்துப் பேசுவதாகச் சொல்லி, அவர்களின் பெயருக்கு நேரே தம் பேனாவால் கோடிட்டார்.