நாணயத்தை மறையச் செய்வது எப்படி: மேஜிக் கற்போருக்கு ஒரு முதல் பாடம்

மேஜிக் கற்கத் தொடங்குவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பிரெஞ்சு டிராப் என்னும் நாணய வித்தையைத்தான். தனிக் கருவி எதுவும் வேண்டாம். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள 10 ரூபாய் நாணயம் ஒன்று போதும்.

இடது உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, நாணயத்தின் விளிம்பைக் கட்டைவிரல் நுனிக்கும் ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளுக்கும் இடையே கிடைமட்டமாகப் பிடியுங்கள். பிறகு வலது கட்டைவிரல் நாணயத்தின் அடியிலும் மற்ற விரல்கள் அதன் முன்னாலும் வருமாறு, அதை எடுக்கப்போவதுபோல் வலது கையைக் கொண்டுவாருங்கள். விரல்கள் நாணயத்தை மறைத்ததும் இடது கட்டைவிரலைச் சற்றே தளர்த்தினால், நாணயம் இடது கைக்குள்ளேயே விழுந்துவிடும். வலது கை வெறுமையாக மூடிக்கொண்டு விலகட்டும்.

விரல் வேலை இவ்வளவுதான். ஆனால் வித்தையை நம்ப வைப்பது உங்கள் பார்வை. நாணயம் உண்மையிலேயே வலது கையில் இருந்தால் எங்கே பார்ப்பீர்களோ, அங்கேயே பாருங்கள். 2006இல் குஸ்தவ் கூன், மைக்கேல் லேண்ட் ஆகிய ஆய்வாளர்கள், பந்தை மேலே எறிவதுபோல் பாவனை மட்டும் செய்யும் வித்தை ஒன்றைப் பலருக்குக் காட்டினர். வித்தைக்காரர் மேலே பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே சென்றதாகக் கூறினர், அவர் தன் கையைப் பார்த்தபோதோ அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தொடக்க நிலையினர் பெரும்பாலும் நாணயம் ஒளிந்திருக்கும் இடது கையைத் தம்மை அறியாமல் ஒருமுறை பார்த்துவிடுகிறார்கள், அந்த ஒரு பார்வையே இரகசியத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆகவே பயிற்சியைப் பொய்யான செய்கையிலிருந்து தொடங்காதீர்கள். கண்ணாடி முன் நின்று நாணயத்தை உண்மையாகவே வலது கையால் பலமுறை எடுத்து, அப்போது தோள், தலை, கண் ஆகியவை எப்படி அசைகின்றன என்று கவனித்த பிறகு, அதே வேகத்தில் பாவனைக்கு மாறுங்கள். இடது கையை விறைப்பாக வைத்திருக்காமல், விரல்களை லேசாக மடக்கி இயல்பாகத் தொங்க விடுங்கள்.

நிகழ்த்தும்போது பக்கவாட்டிலும் பின்னாலும் ஆள் இல்லாத இடத்தில் நில்லுங்கள். வலது கையை மூடியவுடன் திறந்துவிடாமல், பார்வையாளரிடம் ஓரிரு வார்த்தை பேசுங்கள். நாணயம் அங்கேதான் இருக்கிறது என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊன்ற அவகாசம் வேண்டும். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரியுங்கள். இன்னொரு முறை செய்யச் சொல்லி அவர்கள் கேட்டால், எங்கே பார்க்க வேண்டும் என்பது இப்போது அவர்களுக்குத் தெரியும் என்பதால், நாணயத்தை உங்கள் முழங்கைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டி அடுத்த வித்தைக்குச் சென்றுவிடுங்கள்.