வெளியீட்டுத் தேதியை அறிவிக்கும் முன்: கேம் ஸ்டுடியோவின் சார்பில் எழுதுவோருக்கு

வீடியோ கேம்களை உருவாக்கும் ஒரு ஸ்டுடியோவின் சார்பில் அறிவிப்பு எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: நீங்கள் ஆசையாகச் சொல்வதை விளையாடுபவர்கள் வாக்குறுதியாகவே கேட்பார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, சேமித்த பணத்தைக் கொடுத்து வாங்குபவர்கள் அப்படிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆகவே, நீங்கள் எழுதிய ஒவ்வொரு அம்சமும் கேமில் இன்றைக்கு இயங்குகிறதா என்பதை உருவாக்குபவர்களிடம் கேட்டு, முடிந்தால் நீங்களே விளையாடிப் பார்த்து, அதன் பிறகு வெளியிடுங்கள்.

இங்கிலாந்தின் கில்ஃபர்டு நகரைச் சேர்ந்த ஹலோ கேம்ஸ் என்ற சிறு ஸ்டுடியோவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2013 டிசம்பரில் அவர்கள் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ கேமை அறிமுகப்படுத்தியது முதல், வீரர்கள் ஒருவரையொருவர் சந்திக்க முடியுமா என்ற கேள்வி பேட்டிக்குப் பேட்டி எழுந்தது. நிறுவனர் ஷான் மரே, முடியும், ஆனால் பிரபஞ்சம் மிகப் பெரியது என்பதால் வாய்ப்பு மிகக் குறைவு என்ற பொருள்படப் பதிலளித்து வந்தார். 2016 ஆகஸ்டில் கேம் வெளியான உடனேயே இரண்டு பேர் ஒரே கோளின் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. வெளியீட்டின்போது இந்த வசதி இருக்காது என்று ஓராண்டுக்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தால், சிலர் ஏமாற்றமடைந்திருப்பார்கள் என்பதோடு முடிந்திருக்கும். சொல்லாததால், கேமில் உண்மையாகவே இருந்த அழகுகளையும் பலர் நம்ப மறுத்தார்கள்.

எனவே, விற்பனைப் பக்கத்தை எழுதும்போது கேமில் இருப்பவற்றை எழுதுவதற்கு முன் இல்லாதவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். சேர்ந்து விளையாடும் வசதி உண்டா, இணையம் இல்லாமல் இயங்குமா, தனிக் கணக்கு தொடங்க வேண்டுமா, கேமுக்குள் மேலும் பணம் கேட்கப்படுமா என்ற கேள்விகளுக்கான பதில்கள், அவை எவ்வளவு கசப்பானவையாக இருந்தாலும், பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலேயே இருக்க வேண்டும். எங்கோ ஓரத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேமைக் கணினியில் விளையாட பிளேஸ்டேஷன் கணக்கு தேவை என்பது விற்பனைப் பக்கத்தில் ஆரம்பம் முதலே இருந்தது. ஆனால் தொழில்நுட்பச் சிக்கலால் அது தளர்த்தப்பட்டு, 2024 மே மாதம் திடீரென மீண்டும் கட்டாயமாக்கப்பட்டபோது, அத்தகைய கணக்கே தொடங்க முடியாத நாடுகளில் அதை வாங்கியிருந்தவர்கள் என்ன செய்வார்கள்? கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. சில நாள்களிலேயே, பிளேஸ்டேஷனை நடத்தும் சோனி நிறுவனம் அந்த முடிவைக் கைவிட்டது.

தேதி விஷயத்தில் இன்னும் கடுமையாக இருங்கள். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் ‘சைபர்பங்க் 2077’ கேமை 2020 ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்கும், பின் நவம்பருக்கும், கடைசியில் டிசம்பர் 10-க்கும் தள்ளிவைத்தது. தாமதத்தை விடவும் வீரர்களைப் புண்படுத்தியது வேறொன்று: இனித் தேதி மாறாது என்று நிறுவனத்தின் அதிகாரப்பூர்வக் கணக்கு உறுதியளித்த மறுநாளே கடைசித் தாமதம் அறிவிக்கப்பட்டது. ஆகையால், உருவாக்கும் குழுவின் தலைவர் அன்றைய தினம் உறுதி தராத எந்தத் தேதியையும் எந்தப் பதிலிலும் எழுதாதீர்கள். ‘சில்க்சாங்’ கேமுக்காக ரசிகர்கள் 2019 முதல் காத்திருந்தார்கள். அதன் ஸ்டுடியோவான டீம் செர்ரி 2025-இல் தேதியை அறிவித்தது வெளியீட்டுக்கு இரண்டே வாரங்களுக்கு முன்புதான். எல்லோராலும் அப்படிச் செய்ய இயலாது என்றாலும், தாமதமாகச் சொன்ன சரியான தேதி, முன்கூட்டியே சொன்ன தவறான தேதியைவிட நூறு மடங்கு மேலானது என்றே நான் கருதுகிறேன்.

காட்சிகளை வெளியிடும்போது, கேம் மிக மோசமாக ஓடும் கருவியில் பதிவு செய்ததையும் சேர்த்து வெளியிடுங்கள். சைபர்பங்க் விஷயத்தில் வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே தரப்பட்டது. பிளேஸ்டேஷன் போன்ற கேம் கருவிகளான கன்சோல்களின் பழைய வகைகளில் அது எப்படித் திணறுகிறது என்பதை வாங்கியவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. அது மீண்டும் விற்பனைக்கு வர 2021 ஜூன் ஆயிற்று.

தவறு நடந்துவிட்டால் விளக்கத்தைப் பின்னுக்கும் தீர்வை முன்னுக்கும் வையுங்கள். 2017 நவம்பரில், பணம் கொடுத்து வாங்கிய ‘பேட்டில்ஃபிரண்ட் 2’ கேமில் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் வில்லனான டார்த் வேடர் பாத்திரம் ஏன் பூட்டப்பட்டிருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, உழைத்துத் திறக்கும்போது பெருமையும் சாதனை உணர்வும் கிடைக்கும் என்ற தொனியில் அதை வெளியிட்ட இஏ நிறுவனம் ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் பதிலளித்தது. அந்தப் பதில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகளைப் பெற்றது. கேட்டவருடைய குறை பணத்தைப் பற்றியது. வந்த பதிலோ அவர் எப்படி உணர வேண்டும் என்பதைப் பற்றியது. எது பழுதானது, யாருக்கு, எப்போது சரியாகும், பணத்தைத் திரும்பப் பெற என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதினால் இந்தப் பிழை நேராது.

மன்னிப்புக்குப் பின் தொடர்ந்து பேசுங்கள். ஹலோ கேம்ஸ் மாதக்கணக்கில் மௌனமாக இருந்து, 2016 நவம்பர் முதல் இலவச அப்டேட்டுகளைத் தந்து, 2018 ஜூலையில் சேர்ந்து விளையாடும் வசதியை முழுமையாகக் கொடுத்து நம்பிக்கையை மீட்டது உண்மைதான். ஆனால் அந்த மௌனத்தைத் தாங்கும் அளவு விற்பனை அவர்களுக்கு ஏற்கெனவே நடந்திருந்தது. நான் பரிந்துரைப்பது ஜப்பானிய கேம் நிறுவனமான ஸ்கொயர் எனிக்ஸின் வழியை. 2010-இல், சந்தா கட்டி இணையத்தில் விளையாடும் அவர்களுடைய ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ தோல்வியடைந்தபின் பொறுப்பேற்ற நவோகி யோஷிடா, வீரர்களுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதி, என்ன மாற்றப்படுகிறது, ஏன் மாற்றப்படுகிறது என்று விளக்கினார். ஓராண்டுக்கும் மேலாகச் சந்தாவும் வசூலிக்கப்படவில்லை. 2013 ஆகஸ்டில் கேம் புதிதாக மறுபடி வெளிவந்தது.

இறுதியாக, பதில் எழுதும் ஊழியரைப் பற்றி. சைபர்பங்க் கடைசியாகத் தள்ளிப்போனபோது உருவாக்குநர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. குறைகூறலுக்குப் பதில் சொல்லுங்கள், மிரட்டலுக்குச் சொல்ல வேண்டாம். அதைப் பதிவு செய்து காவல்துறையிடம் ஒப்படையுங்கள். கெட்ட செய்தியை அறிவிக்கும் நாளில் ஸ்டுடியோவின் பெயரில் மட்டும் கையொப்பமிட்டு, பின்னூட்டங்களைப் படிக்கும் வேலையை இருவருக்காவது பிரித்துக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அறிவித்துவிட்டு ஒருவரை மட்டும் தனியே அமர்த்திச் செல்லாதீர்கள்.