துருவ நட்சத்திரம் தெரியாத பினாங்கில் இக்குவட்டோரியல் மவுண்ட்டை நிறுத்துவது எப்படி?

இக்குவட்டோரியல் மவுண்ட் என்பது தொலைநோக்கியைத் தாங்கி, வானம் சுழல்வதற்கு ஏற்ப நட்சத்திரத்தைப் பின்தொடரும் தாங்கி. அதற்கு அதன் முதன்மை அச்சு (ஆர்.ஏ. அச்சு) வானத்தின் வட துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். அதனால் புதிதாக மவுண்ட் வாங்கியவர்கள் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு முதல் வேலையாகத் துருவ நட்சத்திரத்தைத் தேடுவார்கள். பினாங்கில் அது சுமார் 5 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலம். வடக்கே கடலைப் பார்த்திருக்கும் பத்து பெரிங்கியில் நின்றாலும் அடிவான மங்கலில் அநேகமாகத் தெரியாது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் கேட்கவே வேண்டாம். அதை விட்டுவிடுங்கள்.

முதலில் முக்காலி. இரண்டு கால்கள் வடக்குப் பக்கமும் ஒரு கால் தெற்கிலும் வரட்டும். நம் ஊரில் ஆர்.ஏ. அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடப்பதால் எடைக்கல் (தொலைநோக்கிக் குழாயைச் சமன் செய்யும் பாரம்) நேராகக் கீழே தொங்கும், அங்கே ஒரு கால் இருந்தால் 'டொக்' என்று இடிக்கும். தலையை (முக்காலிக்கு மேலே உள்ள பகுதியை) அப்படித் திருப்ப முடியாத மவுண்ட் என்றால் எடைக்கல்லைக் கம்பியில் மேலே ஏற்றிப் பாருங்கள், எடை போதாவிட்டால் இன்னொரு கல் சேர்க்கலாம்.

மாட்டும்போது எடைக்கல் முதலில், குழாய் பிறகு. கழற்றும்போது குழாய் முதலில். இதை மாற்றிச் செய்து குழாய் சுழன்று என் தாடையில் அடித்த பிறகுதான் எனக்கு இது மறக்காமல் இருக்கிறது.

வடக்கைக் காந்தத் திசைகாட்டியே காட்டிவிடும். இங்கே அதற்கும் உண்மை வடக்குக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. ஆனால் இரும்பை விட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். அப்புறம் குழாயை ஆர்.ஏ. அச்சுக்கு இணையாக வைத்து, கைத்தொலைபேசியின் சாய்வுமானியை அதன் மேல் வைத்து 5.4 வரும்வரை அட்சரேகைத் திருகைச் சுற்றுங்கள் (கோலாலம்பூர் என்றால் 3.1). திருகு அவ்வளவு கீழே இறங்காவிட்டால் தெற்குக் காலை நீட்டி மொத்தத்தையும் வடக்கே சாய்க்கலாம். மட்டம் பிசகினால் பரவாயில்லை, கவிழாமல் இருந்தால் சரி.

கண்ணால் பார்க்க இதுவே போதும். படம் எடுக்கத்தான் இன்னும் துல்லியம் வேண்டும். தைப்பூசத்தையொட்டிய நாட்களில் இரவு பத்து, பதினொரு மணிக்கு ஓரையன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தின் இடுப்பு வார் உச்சிக்கு வரும், நிலா வெளிச்சம் இதற்குத் தடையில்லை. அதன் மேற்கு ஓர நட்சத்திரமான மின்டாக்கா வான நடுக்கோட்டிலேயே (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் உள்ள கோடு) இருக்கிறது. அதை 10 எம்எம் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) பிடித்து, ஆர்.ஏ. திருகை மட்டும் சுற்றிப் பின்தொடருங்கள். கிழக்கு மேற்கு நகர்வைக் கண்டுகொள்ளாதீர்கள். ஐந்து நிமிடத்தில் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே போயிருக்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நழுவினால் கிழக்கே. ஐபீஸில் எது தெற்கு என்று குழம்பினால் டெக் திருகால் (வடக்கு தெற்காக நகர்த்தும் திருகு) குழாயை வடக்கே லேசாக நகர்த்துங்கள், நட்சத்திரம் ஓடுகிற பக்கம்தான் தெற்கு.

இது அச்சின் திசைக்கு. அதன் உயரத்துக்கு, வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரம் கிழக்கே தாழ்வாக இருக்கும்போது அதே சோதனை: தெற்கே நழுவினால் அச்சை உயர்த்துங்கள், வடக்கே என்றால் தாழ்த்துங்கள்.

மோட்டார் இருந்தால் அதன் பெட்டியில் உள்ள பொத்தான் வடகோளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தென்கோளத்தில் கிடந்தால் எதிர்ப்பக்கம் சுற்றும், நட்சத்திரம் மோட்டார் இல்லாததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும்.