பேச்சுத் தேர்வில் மதிப்பெண் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடத்தும் ஆசிரியர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. என்னிடமும் வெகுநாள் இருந்தது. மாணவர் வாயைத் திறந்ததுமே நம் காது பிழையைத் தேடத் தொடங்கிவிடும்.

"யெஸ்டர்டே ஐ கோ டு ஹாஸ்பிடல், பிகாஸ் மை பிரதர் ஃபால் ஃப்ரம் சைக்கிள்" என்கிறார் ஒரு மாணவர். வினைச்சொல் இரண்டும் இறந்தகாலத்தில் இல்லை. பேனா இரண்டு கோடு போட்டுவிடுகிறது. ஆனால் எப்போது, எங்கே, ஏன் போனார் என்பது நமக்குப் புரிந்துவிட்டதே! காரணத்தைக் கோத்துச் சொல்லவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்தவர் "யெஸ், ஐ லைக் இட்" என்று பிழையில்லாமல் முடித்துக்கொள்கிறார். கோடுகளை எண்ணினால் இவருக்குத்தான் அதிக மதிப்பெண். துணிந்து பேசியவர் தண்டிக்கப்படுகிறார். அடுத்த முறை அவரும் நான்கு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்.

வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் இலக்கணம் நான்கில் ஒரு பங்குதான். சரளமும் கோர்வையும், சொல்வளம், உச்சரிப்பு ஆகிய மற்ற மூன்றுக்கும் அதே எடை. இலக்கணத்திலும்கூடப் பிழையை மட்டும் பார்ப்பதில்லை, எத்தனை விதமாக வாக்கியம் அமைக்கிறார் என்பதையும் பார்க்கிறார்கள். வகுப்புத் தேர்வுக்கும் இப்படி நான்கு கட்டம் போட்ட தாள் ஒன்று போதும். அதைத் தேர்வுக்கு முன்பே மாணவர்களிடம் காட்டிவிடுங்கள்.

உச்சரிப்புக் கட்டத்தில் தாய்மொழிச் சாயலுக்காக மதிப்பெண் குறைப்பது அநியாயம். மொழித்திறனைப் படிநிலைகளாக விவரிக்கும் ஐரோப்பிய மொழித்திறன் சட்டகத்தின் (CEFR) 2020 துணைத்தொகுதி, தாய்மொழியாகப் பேசுபவரை அளவுகோலாக வைப்பதையே விட்டுவிட்டது. சொன்னது சிரமமில்லாமல் புரிகிறதா என்பதே கேள்வி.

நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். "வென்ட்" என்று நாம் எடுத்துக்கொடுத்த நொடியில் மாணவர் சொல்ல வந்த கதை அறுந்துபோகும். அவர் தயங்கி நிற்கும்போதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் நான்குக்குள் அடுத்த சொல் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சில நேரம் குறை நம் கேள்வியில் இருக்கும். ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வியைக் கேட்டுவிட்டு, மாணவர் பேசவில்லை என்று எழுதக் கூடாது. மனப்பாடம் ஒப்பிக்கிறார் என்று தோன்றினால், அவர் சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள், உடனே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டுக்கொண்டே மதிப்பெண் போடுவது உண்மையிலேயே கடினம். கேம்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுகளில் ஒருவர் உரையாட, இன்னொருவர் பேச்சில் கலந்துகொள்ளாமல் கேட்டு, ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே மதிப்பிடுகிறார். தனியாக நடத்துபவர்கள், மாணவரிடம் சொல்லிவிட்டு, செல்போனில் பதிவு செய்யலாம். முதலில் பேசிய இரண்டு பேரின் பதிவைக் கடைசியில் இன்னொரு முறை கேளுங்கள். களைப்பில்லாமல் இருந்தபோது போட்ட மதிப்பெண்ணும் முப்பதாவது ஆளுக்குப் போட்டதும் ஒரே அளவுகோலில் நிற்கின்றனவா என்று அப்போது தெரியும். எனக்குப் பல முறை திருத்த வேண்டியிருந்தது.