இனமும் நிறமும் பேசும் நாவல்களைப் பிள்ளைகளோடு வாசிப்பது எப்படி

கறுப்பினப் பிள்ளைகள் வளர்கிற கதை ஒன்றைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். பத்தாவது பக்கத்திலேயே “இது நம்மூர் சாதி மாதிரிதானே ஆச்சி” என்று சொல்லிவிடும். தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு வாசிப்பு முடிந்துபோகும். அதனால் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் ஒப்பிடத் தடை. அந்த ஊரை அந்த ஊராகவே பார்க்கட்டும்.

ஆரம்பிக்க நல்ல புத்தகம், மில்ட்ரட் டெய்லர் எழுதிய ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’. 1976இல் வந்தது, அடுத்த வருடம் அமெரிக்காவின் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி விருது வாங்கியது. இங்கிலீஷ் கடினமில்லை. கதை நடப்பது 1933, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். கதை சொல்வது லோகன் வீட்டுச் சிறுமி காஸி. வாசிக்கும் முன்பு ஒரு தாளில் நாலு கேள்வி எழுதச் சொல்லுங்கள்: நிலம் யாருடையது, யார் எந்தப் பள்ளிக்குப் போகலாம், பஸ் யாருக்கு, புகார் கொடுத்தால் கேட்பார் உண்டா. அங்கே தென்மாநிலங்களில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளி என்பது சட்டமாகவே இருந்தது, அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954இல்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள். இது தெரியாமல் படித்தால் யாரோ சில கெட்டவர்களின் கதையாகத் தோன்றும்.

முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசியுங்கள். சின்னப் பையனுக்கு அழுக்கும் கிழிசலுமாக ஒரு பாடப்புத்தகம் கிடைக்கிறது. முன்பு அதை வைத்திருந்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்று உள் அட்டையிலேயே எழுதியிருக்கிறது. புத்தகம் நைந்த பிறகுதான் இவன் கைக்கு வருகிறது. வருடாவருடம் அரசாங்கம் கொடுக்கிற புதுப் புத்தகத்தை வாங்கிப் பழகிய நம் பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். நீங்களும் பேசாதீர்கள்.

அப்புறம் நிலத்துக்கு வாருங்கள். லோகன் குடும்பத்துக்கு 400 ஏக்கர். அடமானக் கடன் பாக்கி. பக்கத்துப் பெரிய நிலக்காரர் வங்கியை ஏவிவிட்டுக் கடனை உடனே கட்டச் சொல்ல வைக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் லோகன் பக்கம். சரி, இப்போது தடையை நீக்கிவிட்டுப் பர்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர். அதே 1930களில் நெல் விலை விழுந்தது, பர்மிய விவசாயிகளால் வட்டி கட்ட முடியவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு நகரத்தார், அதாவது எங்கள் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. அதாவது வங்கியின் நாற்காலியில் இருந்தது நம் ஆட்கள். அந்த ஊரில் நாம் வேற்று இனமும்கூட. 1930இல் ரங்கூன் கலவரத்தில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலிகள், கடன் கொடுத்தவர்கள் இல்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது ஏராளமான இந்தியர்கள் காட்டுவழியே நடந்து திரும்பினார்கள். பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு இதைக் கேட்கிற பிள்ளைக்கு, யார் பக்கம் நிற்பது என்று சட்டென்று சொல்ல வராது. அந்தத் தடுமாற்றம்தான் எனக்கு வேண்டும். ஒரு பக்கம் எழுதி வரச் சொல்வேன், காஸியின் குரலில் இல்லை, கடன் கொடுத்தவரின் கடையில் வேலை பழகிய பெட்டியடிப் பையன் குரலில்.

ஒன்று கவனம். வருகிற பிள்ளைகள் எல்லோரும் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. சாதியைச் சொல்லி எங்கள் வீடுகளின் முகப்பைத் தாண்டி உள்ளே விடப்படாதவர்களின் பேரப்பிள்ளைகளும் வருவார்கள். “உங்கள் வீட்டில் எப்படி?” என்று யாரையும் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள், அவர்களை உதாரணமாக்காதீர்கள். நான் எங்கள் ஐயா கதையை முதலில் சொல்வதும் அதற்காகத்தான்.

பெரிய புத்தகம் என்றால் ஓடுகிறவர்களுக்கு ஜீன் லுவென் யாங்கின் ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’. 2006இல் வந்த படக்கதை. அதில் சின்-கீ என்று ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே அசிங்கமான கேலிச்சித்திரமாக வரைந்திருக்கிறார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். பிறகு காரைக்குடி ஓட்டல்களில் வேலை பார்க்கிற வடகிழக்குப் பையன்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று மட்டும் கேளுங்கள்.

ஆஞ்சி தாமஸின் ‘தி ஹேட் யு கிவ்’ (2017) பத்தாவது முடித்தவர்களுக்கு. போலீஸ் துப்பாக்கிச் சூடு இருக்கிறது, கெட்ட வார்த்தையும் நிறைய. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு பஞ்சாயத்து வேண்டாம். நாயகி ஸ்டார், வீட்டில் ஒரு பேச்சும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் வேறு பேச்சும் பேசுகிறவள். இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறிய பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

எழுதி வந்த பக்கங்களைத் திருத்தாதீர்கள், மார்க் போடாதீர்கள். வாசிக்க விரும்புகிறவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் மடித்து எடுத்துக்கொண்டு போகட்டும்.